கரடிக்கசத்தில் ஆளுக்கு மூன்று

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வரை தார் ரோடு. அங்கிருந்து நெல்லிப்பாறைக்குப் போவதை ரோடு என்று ஜீப் ஓட்டுகிறவர்கள் மட்டும்தான் ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பாதையில் இருபது வருஷத்துக்கு மேலாக வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் வெள்ளைத்துரை. காலையில் போடி மார்க்கெட்டில் காய்கறி, அரிசி, கேஸ் சிலிண்டர், கோழித்தீவனம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டதையெல்லாம் ஏற்றிக்கொள்வார். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை அதற்கு நடுவில் நெருக்கி உட்கார வைத்துக்கொண்டு கிளம்புவார். சாயந்திரம் அவர்களையும் காப்பி மூட்டை, ஏலக்காய் மூட்டைகளையும் கீழே கொண்டுவந்து சேர்ப்பார். இடைப்பட்ட பகலில் அவருக்குச் சோலி கிடையாது. மற்ற டிரைவர்கள் வண்டிக்கடியில் துண்டை விரித்துத் தூங்கினார்கள். இவருக்குப் பகல் தூக்கம் வராது. அதனால் தூண்டில் போடக் கற்றுக்கொண்டார்.

ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஓடையோரமாகக் கொஞ்சம் இறங்கினால் கரடிக்கசம். மேலேயிருந்து பாறை பாறையாக விழுந்து வருகிற தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் வட்டமாகத் தேங்கி, ஆழமாகி, கரும்பச்சையாக நிற்கும். ஒரு கரையில் அத்திமரம். எதிர்க்கரையில் ஏலத்தோட்டத்தின் வேலி. தண்ணீருக்குள் மலைக்கெண்டை. பெரிய செதிலும் தடித்த உதடுமாக, தண்ணீரின் ஓட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிற மீன். அதைப் பிடிப்பது சுலபமில்லை. கரையில் நிழல் ஆடினாலே கீழே போய்விடும்.

வெள்ளைத்துரைக்கு அது பிடிபட்டுவிட்டது. எந்த மீன் எந்தப் பாறையிடுக்கில் நிற்கும், வெயில் ஏறினால் எங்கே நகரும், வேகவைத்த கோதுமை மாவை எந்தப் பதத்தில் உருட்டினால் கொத்தும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். தக்கை ஒரு முறை அமுங்கினால் அசைய மாட்டார். இரண்டாவது முறை அமுங்கும்போது கையைச் சுண்டுவார். மேலே வருவது பெரும்பாலும் நல்ல மீனாகவே இருக்கும்.

பிடித்ததை அவர் விற்றதில்லை. அவர் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். சாயந்திரம் ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே, "வெள்ளத்தொர, இன்னைக்கு மீனு உண்டா?" என்று யாராவது கேட்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒன்று, காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு ஒன்று, சும்மா கேட்டவருக்கும் ஒன்று என்று கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். மனைவி அனுசியா போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறாள். "தெருவுக்கெல்லாம் குடுத்தது போக நமக்கு வாலும் தலையுந்தான்" என்று முணுமுணுப்பாள். ஆனாலும் தெருவில் தன் வீட்டுக்காரருக்கு இருந்த மரியாதை அவளுக்கும் பிடித்தே இருந்தது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஊரில் தூண்டில் மோகம் வந்தது. போடியிலும் தேனியிலும் இளைஞர்கள் சுருள் வைத்த தூண்டில் கம்பிகளை வாங்கினார்கள். பிளாஸ்டிக் மீன், மின்னுகிற தகடு என்று விதவிதமாக இரை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்துரையின் ஜீப்பில் கூலிப் பெண்களைவிடத் தூண்டில்காரர்கள் அதிகமாக ஏறினார்கள். அவர்களில் முதல் ஆள் ராஜ்கமல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற பையன். முப்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளைத்துரையை வாய் நிறைய 'அண்ணே' என்பான். அவர் மீன் பிடிப்பதைப் போனில் படமெடுத்துப் போடுவான். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

வந்தவர்கள் கணக்கில்லாமல் அள்ளினார்கள். விரல் நீள மீனைக்கூட விடவில்லை. கசத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தட்டும் பாட்டிலும் குவிந்தன. நெல்லிப்பாறைக்குக் குடிதண்ணீர் கரடிக்கசத்திலிருந்துதான் போகிறது. கசத்துக்குள் ஒரு குழாயைச் செருகி, அங்கிருந்து ஓஸ் போட்டுத் தொட்டிக்கு இழுத்திருக்கிறார்கள். அந்த ஓஸைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அன்னக்கொடிக்கு. ஐம்பது தாண்டியவர், காப்பிக்காட்டில் வேலை, கணவர் இல்லை. கோபம் வந்தால் குரல் ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். அவர்தான் ஊரைக் கூட்டி ஒரு முடிவெடுக்க வைத்தார். தகரத்தில் பெயிண்டால் எழுதி அத்திமரத்தில் ஆணியடித்தார்கள்.

'ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மீன். சாணுக்குக் குறைந்ததைத் தண்ணீரில் விடவும். ஐப்பசி, கார்த்திகையில் தூண்டில் போடக் கூடாது. இப்படிக்கு நெல்லிப்பாறை ஊர் மக்கள்.'

அந்தத் தகரத்தைப் போடியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்ததே வெள்ளைத்துரைதான். ஏணியைப் பிடித்துக்கொண்டதும் அவரே. ஊர் செய்தது சரி என்று அவர் முழு மனதோடு நினைத்தார். வருகிறவனெல்லாம் வாரிக்கொண்டு போனால் என்னத்துக்கு ஆகும்?

அதே வாரம் அவர் ஏழு மீன் பிடித்தார். அதில் ஏதும் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. போர்டு வெளியாட்களுக்கு என்று நினைத்தார். தான் இந்த மலையில் அன்றாடம் புழங்குகிறவன். விற்கவும் இல்லை, வீணாக்கவும் இல்லை. நெல்லிப்பாறைக்காரர்களும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு மாத்திரை முதல் மண்வெட்டிப் பிடிவரை கொண்டுவந்து கொடுக்கிற மனிதரின் பையை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? ராஜ்கமல் பார்த்தான். அண்ணன் ஏழு எடுத்தால் தான் ஆறு எடுப்பதில் என்ன இருக்கிறது என்று அவனும் எடுத்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் ஐந்து எடுத்தான்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. மூன்றாவது வருஷம் ஐப்பசியில் அவருடைய தங்கை மகளுக்குச் சடங்கு வைத்தார்கள்.

தங்கை அருணாவைச் சிலமலையில் கொடுத்திருந்தது. வீட்டுக்காரர் பாண்டியராஜ், சொந்தத் தோட்டமும் கிணறும் உள்ள விவசாயி. வெள்ளைத்துரைக்குக் கூடப்பிறந்தது அருணா ஒருத்திதான். தாய்மாமன் சீர் வரிசையை எந்தக் குறையும் இல்லாமல் செய்தார். சடங்குக்கு மறுநாள் பங்காளிகளுக்கும் சம்பந்திகளுக்கும் விருந்து. புரட்டாசி முழுவதும் கவுச்சி தொடாமல் இருந்த சனங்கள். பாண்டியராஜ் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

"மச்சான், கறி எல்லாரும்தான் போடுறாய்ங்க. மலை மீன் கொழம்பு ஒங்களாலதான் முடியும். எங்க ஆளுக நாலு வருசத்துக்குப் பேசணும்."

"அது என் பொறுப்பு மாப்ளே" என்று சொல்லிவிட்டார் வெள்ளைத்துரை.

சடங்குக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் புதுத்தண்ணீர் செந்நிறமாக இறங்கியது. அந்தத் தண்ணீருக்குக் கெண்டைகள் கசத்தை விட்டு மேலேறும். பக்கவாட்டில் வந்து சேருகிற சின்ன ஓடைகளில், முழங்காலளவு தண்ணீரில், கூழாங்கல் படுகை தேடிப் போய்ச் சினை விடும். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் இதை ஊத்த என்பார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவர்கள் வாய்வழியாக அந்தச் சொல் இந்தப் பக்கமும் வந்துவிட்டது. ஊத்த ஏறுகிற மீனுக்கு மனித பயம் கிடையாது. நிழல் ஆடினாலும் ஓடாது. வயிறு கனத்து, முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய, கல்லில் உரசி உரசி ஏறிக்கொண்டிருக்கும்.

ராஜ்கமலைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு வெள்ளைத்துரை அங்கே போனார். தூண்டிலை எடுக்கவே இல்லை. கையால் அள்ளினார்கள். ஒரு சாக்கு நிறைந்தது. இன்னொன்றையும் விரித்தார்கள். அது நிறையும்போது ராஜ்கமல் போனைப் பாறையில் சாய்த்து வைத்துப் படம் பிடித்தான். மழையில் நனைந்து சிரித்தபடி இரண்டு கையிலும் இரண்டு மீனைத் தூக்கிக் காட்டுகிற வெள்ளைத்துரை அதில் நன்றாகத் தெரிந்தார். திரும்பும்போது சாக்குகளை அத்திமரத்தடியில் வைத்துச் சணலால் வாயைக் கட்டினார்கள்.

சிலமலையில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அனுசியாவும் இன்னும் நான்கு பெண்களும் மீனை உரசினார்கள். வயிற்றைக் கீறக் கீற மஞ்சள் மஞ்சளாகச் சினை சரிந்தது. முதலில் அதைத் தனியாக வறுக்கலாம் என்று ஒரு கிண்ணத்தில் எடுத்தார்கள். பிறகு சட்டியில். அப்புறம் குண்டா கேட்டு வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் அனுசியா அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்தாள். பந்தலில் நின்றிருந்த கணவரைத் தனியே அழைத்தாள்.

"ஏங்க, எல்லாமே சினையா இருக்கு. ஒண்ணுகூட வெறும் வயிறு இல்ல."

"அதான் ருசி."

"எனக்கு ஒருமாதிரி இருக்குங்க."

"நாள் பூரா கவுச்சில ஒக்காந்தா அப்படித்தான் இருக்கும். போயி மொகத்தக் கழுவு" என்றார் அவர்.

விருந்து பிரமாதமாக நடந்தது. பாண்டியராஜ் ஒவ்வொரு பந்தியிலும் மைத்துனரின் தோளில் கையைப் போட்டு, "எங்க மச்சான் கொண்டாந்தது" என்று சொன்னார். அருணாவுக்கு முகம் கொள்ளாத பெருமை. குண்டாவிலிருந்த சினையில் பாதிக்குமேல் மிஞ்சிப்போய்க் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

ராஜ்கமல் போட்ட படம் பரவியது. எந்த ஊர், எந்த ஓடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் பெருமையாகப் பதில் எழுதினான். அடுத்த ஞாயிறு முன்பின் தெரியாத வண்டிகள் குரங்கணிக்கு மேலே ஏறின. வலை கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த வாரம் வந்தவர்கள் பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்து கசத்தின் தலையில் கொட்டினார்கள். யாரென்று யாருக்கும் தெரியாது. விடிந்தபோது நெல்லிப்பாறைத் தொட்டியில் குளோரின் நெடி. அன்னக்கொடி ஓஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஊர்ப் பெண்களோடு வெகுதூரம் நடந்து வேறு ஊற்றில் தண்ணீர் எடுத்தார்.

வெள்ளைத்துரை போய்ப் பார்த்தார். பெரிய மீன்களை வந்தவர்களே எடுத்துப் போயிருந்தார்கள். விட்டுப்போனவை கரையோரம் ஒதுங்கியிருந்தன. சாண்கூட இல்லாதவை, வெளுத்து, கண் வெந்து. அவற்றுக்கு நடுவே ஊசி அளவில் குஞ்சுகள் மாவு கொட்டியதுபோல மிதந்தன. தவளை, நண்டு, தண்ணீர்ப்பூச்சி எதுவும் மிச்சமில்லை. இருபது வருஷம் உட்கார்ந்த பாறையில் அன்றைக்கு அவரால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிளீச்சிங் கொட்டியவர்களை மனதுக்குள் திட்டினார். திட்டத் திட்ட அந்தக் குண்டா நினைவுக்கு வந்தது. மேலேறிப் போயிருந்த மீன்களாவது இந்த மருந்துக்குத் தப்பியிருக்கும். அவற்றைத்தான் அவர் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்னக்கொடி பின்னால் வந்து நின்றார்.

"பாத்தியா தம்பி?"

"பாத்தேன்க்கா. படுபாவிப் பயலுக. போலீசுல சொல்லணும்."

"சொல்லியாச்சு. யாருன்னு கேக்குறாக. எனக்கென்ன தெரியும்? மருந்து போட்டவன் மொகத்த நான் பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, "ஒம் மொகந்தான் பாத்தேன். எம் மருமக போன்ல" என்றார்.

அன்னக்கொடி கத்துவார் என்று வெள்ளைத்துரை எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி வீட்டு விசேசம்க்கா. மாமன் மொறை. செய்யாம இருக்க முடியுமா?"

"நான் ஒன்னய ஏன்னு கேக்க வரல. ஒரு காரியம் சொல்ல வந்தேன். இங்குட்டு மேல வர்றவன்ல முக்காவாசி ஒன் ஜீப்புல வர்றான். இனிமே தூண்டி, வலை எதையும் வண்டில ஏத்தாத. ஒரு வருசம். அப்பறம் தண்ணி தெளிஞ்சு மீனு தெரிஞ்சுச்சுன்னா, ஏறுறவன் எறங்குறப்ப பையப் பாரு. மூணுக்கு மேல இருந்தா வண்டி எடுக்காத."

"நான் டிரைவருக்கா. போலீசா?"

"நீ ஏத்தலன்னா நடந்துதான வரணும்? நடந்து வர்றதுக்கு எவனுக்கு வலு இருக்கு இப்ப?"

சரி என்று உடனே சொல்லவில்லை அவர். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சவாரி போனால் வருமானத்தில் ஒரு பங்கு போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம், முகம் பார்த்துப் பழகிய பையன்களிடம் ஏறாதே என்று சொல்வது. அனுசியாவிடம் சொன்னார். "ஒங்க இஷ்டம். ஆனா இனிமே சினை மீனு கொண்டாந்தா நான் உரச மாட்டேன்" என்று அவள் முடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை, மார்க்கெட் வாசலில் ராஜ்கமலும் மூன்று பேரும் கம்பிகளோடு வந்து நின்றார்கள். வேறொரு கசம் இருக்கிறதாம், நெல்லிப்பாறைக்கும் மேலே. வெள்ளைத்துரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆளு ஏறலாம். தூண்டி ஏறக் கூடாது."

ராஜ்கமல் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். பிறகு முகம் மாறியது.

"யாருண்ணே சொன்னா?"

"ஊர்ல சொல்லிருக்காக. நானும் சொல்றேன்."

"மூட்டை மூட்டையா அள்ளுனப்ப இந்தச் சட்டம் எங்க போச்சுண்ணே?"

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதே போர்டுதான்டா இருந்துச்சு. அதுக்கு அடியில வச்சுத்தான் மூட்டையக் கட்டுனேன்" என்றார் வெள்ளைத்துரை. "ஏறுறதுன்னா ஏறு. வெரசா சொல்லு, கூலிக்குப் போற ஆளுக நேரமாகுது."

ராஜ்கமல் ஏறவில்லை. குரங்கணிப் பாதையில் ஓடுகிற இன்னொரு ஜீப்பில் போனான். அந்த டிரைவர் கம்பிகளை மேற்கூரையில் கட்டி ஏற்றிக்கொண்டார். சில வாரம் அப்படித்தான் நடந்தது. இவருடைய வண்டி பாதி காலியாக ஏறியது. அந்த வண்டி நிறைந்து வழிந்தது. தான் ஒருவன் நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று அவருக்கு அலுத்துப்போனது. அன்னக்கொடியிடம் போய்ச் சொன்னார். அந்த வாரத்திலிருந்து நெல்லிப்பாறைக் காப்பி மூட்டை ஒன்றுகூட அந்த இன்னொரு ஜீப்பில் ஏறவில்லை. ஆட்களும் ஏறவில்லை. காத்துக்கிடந்து வெள்ளைத்துரை வண்டியில்தான் வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அந்த டிரைவரும் வாய்க்குள் திட்டிக்கொண்டே தூண்டில் ஏற்றுவதை நிறுத்தினார். தோழமையால் ஒன்றும் நிறுத்தவில்லை. இன்றைக்கும் வெள்ளைத்துரை எதிரே வந்தால் ஹாரன் அடிக்காமல் போகிறவர் அவர் ஒருவர்தான்.

ஒரு வருஷம் கசத்தில் யாரும் தூண்டில் போடவில்லை. மருந்து வாடை முதல் வெள்ளத்திலேயே போய்விட்டது. தவளை வந்தது. தண்ணீர்ப்பூச்சி வந்தது. மேல் ஓடையிலிருந்து சின்னக் கெண்டைகள் இறங்கி வந்து நின்றன. வெள்ளைத்துரை பகலில் கசத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டார். தூண்டில் இல்லாமல் அங்கே கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார்; தூக்கம் வரவில்லை. அன்னக்கொடி ஓஸில் ஒழுகுகிற இடங்களைக் கட்டச் சொன்னார். அதைக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

அதற்கடுத்த மாசியில் அருணாவின் இளைய மகனுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. அதற்குள் கசத்தை மறுபடி திறந்திருந்தார்கள், அதே மூன்று மீன் கணக்கோடு. பாண்டியராஜ் போன் செய்தார்.

"மச்சான், போன தடவை மாதிரியே வேணும்."

"கெடா வெட்டுறீக, பத்தாதா மாப்ளே? என்னால மூணுதான் கொண்டார முடியும்."

"என்ன மூணு சாக்கா?"

"மூணு மீனு."

பாண்டியராஜ் தான் விவரமான ஆள் என்பதைக் காட்டினார். "ஆளுக்கு மூணுதான? நான் எங்க பங்காளிக இருவது பேரக் கூட்டியாறேன். எல்லாரும் ஆளுக்கொரு தூண்டி பிடிக்கட்டும். அறுவது மீனு ஆச்சு. ஒங்க போர்டும் நிக்கும், எங்க விசேசமும் நிக்கும்."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வெள்ளைத்துரை போனை வைத்தார். போர்டில் எழுதியிருப்பதன்படி அது தப்பில்லை. அன்று மேலே போனபோது அன்னக்கொடியிடம் கேட்டார்.

"போர்டுல அப்படித்தான எழுதியிருக்கு?" என்றார் அன்னக்கொடி. "இருவது பேரு வந்து ஆளுக்கு மூணு பிடிச்சா நான் தடுக்க முடியாது. நீ என்ன கேக்க வந்த? தடுக்கவா, விடவா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெள்ளைத்துரை கசத்துக்கு இறங்கினார். தண்ணீர் தெளிந்திருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் பெரிய மீன்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கின. அறுபது என்றால் கசத்தை வழித்தெடுத்தால்தான் உண்டு. சாணளவு இல்லாததையும் சேர்த்தால்கூடத் தேறாது. இதற்கு யாரையும் கேட்டிருக்கவே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. பாறை மீது நின்றபடியே பாண்டியராஜுக்குப் போன் போட்டுப் பார்த்தார். டவர் இல்லை. குரங்கணிக்கு இறங்கி வந்து மறுபடி போட்டார்.

"பங்காளிகள அனுப்பாதீக மாப்ளே. என் வண்டில ஏத்த மாட்டேன். நானே மூணு கொண்டாறேன். அதுதான் கணக்கு."

"தங்கச்சி புருசன்கிட்டப் பேசுற பேச்சா இது?" என்று பாண்டியராஜ் போனை வைத்துவிட்டார்.

காதுகுத்தன்று தாய்மாமன் சீர் தட்டுகள் வரிசையாகப் போயின. பழம், வேட்டி சட்டை, கடுக்கன், மாலை. எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளைத்துரை ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு நடந்தார். உள்ளே மூன்று மீன். அவற்றைப் பிடிக்கவே முந்தின நாள் பகல் முழுவதும் ஆகியிருந்தது. கோயில் வாசலில் பாண்டியராஜின் பெரியப்பா மகன் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "அடேயப்பா, மாமன் ஒரு ஆத்தையே கொண்டாந்துட்டாரு" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. அருணா சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"ஏண்ணே, என்னய இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிற? ஒண்ணுமே கொண்டாராம இருந்திருக்கலாம்ல."

"கொண்டாறேன்னு சொன்னேன்ல ஆத்தா. அதான்" என்றார் அவர்.

மூன்று மீனையும் துண்டு போட்டு வறுத்தார்கள். சுண்டுவிரல் பருமனில் ஒவ்வொன்று, பெரியவர்கள் இலையில் மட்டும். அன்றிலிருந்து சிலமலையில் அவருக்கு 'மூணு மீனு மாமன்' என்று பெயர் விழுந்தது. பாண்டியராஜ் முகம் கொடுத்துப் பேசவில்லை. விடைபெறும்போது அருணா உள்ளே இருந்துகொண்டே தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கணவனும் மனைவியும் மட்டும். கியர் மாற்றுகிற சத்தத்திலேயே அவர் கோபம் தெரிந்தது. போடி நெருங்கும்போது அனுசியாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தார். அழுகிறாளோ என்று வண்டியை ஓரங்கட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சீர்தட்டுக்குப் பின்னால அந்தப் பொட்டலத்தப் பச்சப் புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்தீகளே..."

அவருக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு தன் கோலத்தை நினைத்துப் பார்த்தார். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அந்த வருஷ ஐப்பசியில் ஊத்த ஏறியது. முன்பு போல இல்லை. பத்தில் ஒரு பங்குகூட இராது. நெல்லிப்பாறைக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பாறை மேல் நின்று பார்த்தார்கள். வெள்ளைத்துரையும் நின்றார். கை பரபரத்தது என்று பிறகு அனுசியாவிடம் ஒத்துக்கொண்டார். எந்த ஜீப்பிலும் தூண்டில் ஏறாது என்றான பிறகு ராஜ்கமல் இந்தப் பக்கம் வரவில்லை. கடையைத் தாண்டிப் போகும்போது இவர் திரும்பிப் பார்ப்பார். அவன் போனைக் குனிந்து பழுது பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பையனுக்கு ஏழு எடுக்கச் சொல்லிக் கொடுத்தது தானே என்பதால் அவன் மேல் இவருக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த 'அண்ணே' இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சம் வெறுமையாக இருந்தன. தூண்டில்காரர்கள் இப்போதும் வருகிறார்கள். சிலர் பையைத் தாங்களே திறந்து காட்டுகிறார்கள். சிலர் நாலாவது மீனைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஏறி, பாதி வழியில் நாற்றம் காட்டிக்கொடுக்க, பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

அருணாவின் கோபம் அவள் பிள்ளைக்கு வந்த காய்ச்சலில் கரைந்தது. கார்த்திகையில் பையனைப் போடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட இருந்து பார்க்க அவள் அண்ணன் வீட்டில்தான் தங்கினாள். வந்த முதல் நாள் பேச்சு அளவாக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட அன்று பசி தெரிந்து சாப்பிட உட்கார்ந்தாள். அனுசியா மார்க்கெட்டில் வாங்கி வந்த மத்திமீன் குழம்பை ஊற்றினாள். அருணா ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் மதினி, அண்ணே மலை மீனு கொண்டாரலையா?"

"கார்த்திகை மாசம்ல" என்றார் வெள்ளைத்துரை.

அருணா அண்ணனை ஒரு முறை பார்த்தாள். பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "இதுவும் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு துண்டு போடுங்க" என்றாள்.